கோவையிலிருந்து மலைக்கு மிதிப்பவர்களுக்கு: கேள்வி பதில்

மேற்கே மிதித்தால் வெள்ளியங்கிரி அடிவாரம், வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. சைக்கிள்காரர்களுக்குக் கோவை மாதிரி ஊர் அமைவது கஷ்டம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். தூரமெல்லாம் தோராயக் கணக்குதான், உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

வடவள்ளியிலிருந்து: புதுசாக ரோடு பைக் வாங்கியிருக்கேனுங்ணா. 20 கி.மீ. தாண்டியதில்லை. எந்தப் பக்கம் ஆரம்பிக்கலாம்?

நீங்கள் இருக்கும் இடமே நல்ல இடம். தொண்டாமுத்தூர் போய் அங்கிருந்து நரசீபுரம் வரை போய்த் திரும்புங்கள். பாக்குத் தோப்பு, வாழை, காய்கறித் தோட்டம் என்று ரோடு போகும், விடியற்காலையில் வண்டி குறைவு. அது பழகியபின் சிறுவாணி ரோட்டுக்கு வாருங்கள்: பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை, கடைசியில் சாடிவயல். காந்திபுரத்திலிருந்து கணக்குப் போட்டால் ஒரு பக்கம் 35 கி.மீ. பக்கம் வரும்.

இந்த ரோட்டில் ஒரு சூது உண்டு. பார்க்கச் சமமாகத்தான் தெரியும், ஆனால் சாடிவயல் வரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். போகும்போது "நமக்குத் தெம்பே இல்லை" என்று தோன்றும், வரும்போது சாம்பியன் போல் இருக்கும். இரண்டையும் நம்பாதீர்கள். மகாசிவராத்திரியை ஒட்டிய நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் வேண்டாம், பூண்டி கோயிலுக்குப் போகும் கூட்டமும் பஸ்களும் நெருக்கித் தள்ளும்.

குனியமுத்தூரிலிருந்து: மார்ச்சில் 28 கி.மீ. வேகத்தில் போன அதே ரோட்டில் ஜூனில் 20-ஐத் தாண்ட முடியவில்லை. பேரிங் போய்விட்டதா?

பேரிங் நன்றாகத்தான் இருக்கும். காரணம் பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை 30 கி.மீ.க்கு மேல் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில்தான் நுழைகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை.

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை எப்போதும் மேற்கு நோக்கிக் கிளம்புங்கள், திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். பல்லடம் பக்கம் ஜாலியாக இறங்கிப் போய்விட்டு, பத்து மணி வெயிலில் எதிர்க்காற்றில் வீடு திரும்புவது தண்டனை. வெயில் ஏற ஏறக் காற்றும் கூடும், அதனால் ஐந்தரைக்கே கிளம்பினால் பாதி பிரச்சினை தீர்ந்தது. அந்த மூன்று மாதம் வேகத்தைப் பார்க்காதீர்கள், நெஞ்சுத் துடிப்பையோ நேரத்தையோ பாருங்கள்.

கவுண்டம்பாளையத்திலிருந்து: மலை ஏறிப் பழக மருதமலை போதுமா?

பழக்கத்துக்குப் போதும். தூரம் குறைவு, ஏற்றம் கடுமை, அதனால் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கினால் நல்ல பயிற்சி. கிருத்திகை, தைப்பூசம், ஞாயிற்றுக்கிழமை தவிர்த்துவிடுங்கள். படியேறி வரும் பக்தர்களும் சில இடங்களில் ரோட்டைத்தான் கடப்பார்கள், இறங்கும்போது அதை மனதில் வையுங்கள். ஆனால் மருதமலையை நாலு தடவை ஏறியவருக்குக் கோத்தகிரி சுலபம் என்று நினைக்க வேண்டாம். பத்து நிமிட ஏற்றம் வேறு, மூன்றரை மணி நேர ஏற்றம் வேறு. நடுவில் ஒரு படி வேண்டும், அதுதான் ஆனைகட்டி.

துடியலூரிலிருந்து ஒரு அக்கா: ஆனைகட்டிக்குத் தனியாக, விடியற்காலையில் போகலாமா?

தனியாகப் போகலாம், இருட்டில் போக வேண்டாம். கணுவாய், தடாகம் தாண்டி மாங்கரை வரை கிட்டத்தட்டச் சமவெளி. மாங்கரை செக்போஸ்ட்டுக்கு அப்புறம்தான் மலைப்பாதை ஆரம்பிக்கிறது. நகரத்திலிருந்து 30 கி.மீ.க்குள் கேரள எல்லை வந்துவிடும். ஏற்றமும் காட்டு நிழலும் சேர்ந்து கிடைக்கும், முதல் மலைக்கு இதைவிட நல்ல ரோடு பக்கத்தில் இல்லை.

மாங்கரைக்கு மேலே யானை நடமாட்டம் உண்டு. இங்கே சைக்கிள்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: நம் வண்டியில் சத்தமே கிடையாது. பைக், பஸ் வந்தால் யானைக்கு முன்கூட்டியே தெரியும், நாம் வளைவு திரும்பி நிற்கும்போதுதான் அதற்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதனால் நன்றாக வெளிச்சம் வந்தபின் மாங்கரையைத் தாண்டுங்கள். ரோட்டில் புதுச் சாணமோ, ஒடித்துப் போட்ட மூங்கிலோ கிடந்தால் நின்று, பின்னால் வரும் பஸ்ஸுக்காகக் காத்திருந்து அதை ஒட்டியே போங்கள். கண்ணில் பட்டுவிட்டால் பெல் அடிப்பது, கத்துவது, போன் எடுப்பது எதுவும் கூடாது. சைக்கிளைத் திருப்பி வந்த வழியே இறங்கிவிட வேண்டியதுதான். செக்போஸ்ட்டில் இருப்பவர்களிடம் "மேலே ஏதாவது நிக்குதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதிக் கவலை தீரும்.

சரவணம்பட்டி, காரமடை, திருப்பூரிலிருந்து மூன்று பேர்: மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் தடவை ஏறுகிறோம். குன்னூரா, கோத்தகிரியா?

கோத்தகிரி. யோசிக்கவே வேண்டாம்.

குன்னூர் ரோட்டில் கல்லாறு வரை சமதளம், அப்புறம் மொத்த ஏற்றமும் 25 கி.மீ. சொச்சத்துக்குள் முடிந்தாக வேண்டும். பக்கத்திலேயே ஏறும் மலை ரயிலுக்கே கல்லாறிலிருந்து பல்சக்கரத் தண்டவாளம் வேண்டியிருக்கிறது, அங்கே ஏற்றம் 12-க்கு 1. ரோடு அத்தனை செங்குத்தில்லைதான், ஆனால் ஊட்டி போகும் கூட்டம் பெரும்பாலும் அதில்தான் வரும். கொண்டை ஊசி வளைவில் பஸ் முழு ரோட்டையும் எடுத்துத் திரும்பும்போது ஓரமாக ஒதுங்க இடமிருக்காது.

கோத்தகிரி ரோடு 33 கி.மீ., ஏறும் உயரம் சுமார் 1,450 மீட்டர். சராசரி போட்டால் நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர் ஏற்றம். ஒரே சீராக ஏறும், அதுதான் அதன் அழகு. ஒரு தாளத்தைப் பிடித்துவிட்டால் குஞ்சப்பனை, அரவேனு என்று ஊர்கள் தானாக வரும். அரவேனு பக்கம் தேயிலைத் தோட்டம் கண்ணில் பட்டு, காற்று சில்லென்று ஆனதும் மீதித் தூரத்தைக் கால் தானே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கை. குஞ்சப்பனையில் பலா பழுக்கும் மாதங்களில், குறிப்பாக ஜூன், ஜூலையில், பழத்துக்காக யானைக் கூட்டம் ரோட்டோரம் வரை வரும். அப்போது ஏழு மணிக்கு முன்னால் அந்த இடத்தில் இருக்காதீர்கள். அடுத்து, மே மாத சீசனில் போலீஸார் வழக்கமாக ஒருவழிப் பாதை போடுவார்கள், குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். அந்த மாதம் நீங்கள் கோத்தகிரியில் ஏறினால் ஊட்டியே உங்கள் எதிரில் இறங்கி வரும். மே மாதத்தை விட்டுவிடுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிவு, மரம் விழுவது சகஜம், முந்தின நாள் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை.

நீலகிரியில் சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு, வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். சைக்கிளில் இரண்டு பாட்டில் மாட்டி, மேட்டுப்பாளையத்தில் நிரப்பிவிட வேண்டும். காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேலே போவதாக இருந்தால் காருக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள்.

பீளமேட்டிலிருந்து: முன்னால் 50/34, பின்னால் 11-28. கோத்தகிரிக்குப் போதுமா, கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) மாற்றணுமா?

இந்த எண்களெல்லாம் பல்சக்கரத்தின் பற்கள். முன்னால் 34-க்குப் பின்னால் 28 போட்டு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கி.மீ. சொச்சம் வரும். புதுசாக ஏறுபவரின் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். ஆக ஏறிவிடலாம், ஆனால் மூன்று மணி நேரமும் 60-லேயே அழுத்திக்கொண்டிருந்தால் முட்டி கேள்வி கேட்கும். 11-32 அல்லது 11-34 போட்டால் அதே வேகத்தில் கால் லேசாகச் சுற்றும். பின் டிரெயிலியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கருவி) அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள், சின்னக் கூண்டு டிரெயிலியர் என்றால் அதையும் மாற்ற வேண்டி வரலாம். சக்கரத்துக்கும் கார்பனுக்கும் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழியுங்கள்.

ஆர்.எஸ்.புரத்திலிருந்து: ஏறுவதற்குப் பயமில்லை சார், இறங்கத்தான் பயம்.

நல்ல பயம், விட்டுவிடாதீர்கள்.

பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இறங்குவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. ரிம் பிரேக்கில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம், கார்பன் ரிம் என்றால் ரிம்மே கெடலாம். நேர்ப் பாதையில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். கை கீழ்க் கைப்பிடியில், வெளிப்பக்கக் கால் கீழே, பார்வை வளைவின் முடிவில். முன் சக்கரத்துக்கு நேரே குனிந்து பார்த்தால் வண்டியும் அங்கேயே போகும்.

ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. கொண்டை ஊசியில் கீழே பஸ் தெரிந்தால் மேலேயே நின்றுவிடுங்கள், அது திரும்பி முடிக்கட்டும். உள்வளைவில் புகுந்து போய்விடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊட்டியிலிருந்து கழுவிய கேரட் மூட்டை ஏற்றிய லாரிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும், வெயில் படாத வளைவில் அது காயாது. வெயில் நாளில் ரோட்டில் ஈரக்கோடு தெரிந்தால் அதன் மேல் வண்டியைச் சாய்க்காமல் நிமிர்ந்து போங்கள். ஈரத்தில் ரிம் பிரேக் பிடிக்க ஒரு விநாடி அதிகம் ஆகும். ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும் கையுறையும் இருக்கட்டும், வியர்த்த உடம்போடு இறங்கினால் விரல் விறைத்து லீவரை அழுத்த வராது.

பொள்ளாச்சியிலிருந்து: வால்பாறையின் 40 வளைவுகளையும் ஒரே நாளில் ஏறி இறங்கலாமா?

பொள்ளாச்சிக்காரர் என்றால் முடியும், போக வர 130 கி.மீ. கோவையிலிருந்து மிதித்து வருபவர் வால்பாறையில் தங்குவதே மரியாதை. ஆழியாறு செக்போஸ்ட்டில் இருட்டில் விடுவதில்லை, அதையொட்டி நேரம் போடுங்கள். முதல் ஒன்பது வளைவில் ஆழியாறு அணை கீழே இறங்கிக்கொண்டே போகும், ஒன்பதாவதில் லோம்ஸ் வியூ. அங்கே பாறையில் வரையாடு நின்றால் சைக்கிளைச் சாய்த்து வையுங்கள், பிஸ்கட் மட்டும் நீட்டாதீர்கள். கடினம் முதல் பாதியில்தான். அட்டகட்டிக்கு அப்புறம் காடு மூடிக்கொள்ளும். கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் வந்தால் பின் விளக்கை எரியவிடுங்கள், பகலாக இருந்தாலும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: மஞ்சூர் ரோடு?

காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை வழி, 43 கொண்டை ஊசி. வண்டியே இல்லாத ரோடு, அதுதான் ஆபத்தும். போன் சிக்னல் பல இடத்தில் கிடையாது, நெடுந்தூரத்துக்குக் கடை கிடையாது, யானை உண்டு. மூன்று பேருக்குக் குறையாமல், பகலில், செக்போஸ்ட்டில் கேட்டுவிட்டு. கோத்தகிரி ஏறாதவர்கள் இதைக் கேட்கவே வேண்டாம்.

சிங்காநல்லூரிலிருந்து: மலையே வேண்டாம், 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்கும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடிக்கணும். எங்கே பழகுவது?

பழனி. பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் போய் அதே வழியில் திரும்பினால் 200 வந்துவிடும். பிரெவேயில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் தருவார்கள், வேகத்தைவிட நிற்கும் நேரம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒவ்வொரு பேக்கரியிலும் இருபது நிமிடம் டீயும் பப்ஸும் என்றால் கணக்கு உதைக்கும். இரண்டு டியூப், ஒரு பம்ப், டயர் லீவர் கட்டாயம். வழியில் இளநீர் தாராளம், கூடவே உப்பு போட்ட மோர் இரண்டு தடவை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் மடத்துக்குளம் வரும்போது கெண்டைக்கால் இழுக்கும். ஜூன், ஜூலை என்றால் திரும்பும் வழியெல்லாம் எதிர்க்காற்று, அந்த மாதங்களில் பழனியைத் தொடாதீர்கள்.

போத்தனூரிலிருந்து: டாப்சிலிப்புக்கு சைக்கிளில் விடுவார்களா?

சேத்துமடை செக்போஸ்ட்டில் இரு சக்கர வண்டிகளையே விடுவதில்லை. சேத்துமடை வரை போங்கள், வேட்டைக்காரன்புதூர், ஆனைமலை தென்னந்தோப்பு ரோடுகளில் சுற்றிவிட்டுப் பொள்ளாச்சி வழியாக வந்துவிடலாம். வியாழக்கிழமை பொள்ளாச்சி சந்தை, அன்றைக்கு மட்டும் ஊருக்குள் நுழையாமல் சுற்றி வாருங்கள்.