கையெழுத்துப் போடும் அதிகாரமே இல்லாத எம்.பி.க்கள் வெளிநாட்டு அதிபரைப் பார்த்துப் பேசி என்ன ஆகப்போகிறது?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு குட்டும் வைத்திருக்கிறார்: "ஜனநாயகத்துக்கு மாறுகிறோம் என்று சொல்லும் ஒரு நாட்டுக்கு நாலு எம்.பி.க்கள் போகிறார்கள். அதிபரோடு சோபாவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வரிப்பணத்தில் சுற்றுலாதானே?"

பாதி சரிதான். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு இரண்டு தகுதி உண்டு. வருவாய்த் துறையில் 27 வருடம் குப்பை கொட்டியவன் நான். சட்டமன்றக் குழுக்கள் மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போது, வாகனத்திலிருந்து வெந்நீர் வரை ஏற்பாடு பார்த்த ஆள்களில் ஒருவன். இன்னொன்று, எங்கள் ஆச்சி.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். ஆச்சி கல்யாணமாகி பர்மாவுக்கு, இப்போது மியான்மர் என்கிறார்களே அந்த நாட்டுக்கு, ரங்கூனுக்குப் போனவர். மொகல் தெருவை ஒட்டிய சந்தில் தாத்தா சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருந்தார். 1962இல் நே வின் ராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருடம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கடையும் போய், பெட்டியில் இருந்த காசும் போய், கப்பலேறி மெட்ராஸில் இறங்கி, ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். ரங்கூனில் துணி அளந்த கை, அப்புறம் முப்பது வருடம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றியது. கடைக்கு வரி கட்டிய ரசீது ஒன்று மட்டும், பர்மிய எழுத்தில், டிரங்குப் பெட்டியில் கடைசி வரை இருந்தது. அதனால் எங்கள் வீட்டில் பர்மா என்று ரேடியோ சொன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

2011 மார்ச் 30 அன்று தெய்ன் செய்ன் பர்மாவின் அதிபராகப் பதவியேற்றார். அதற்கு முந்தைய வருடம்வரை ராணுவ ஜெனரல். ஆச்சி செய்தியைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உடுப்பக் கழத்திட்டா பட்டாளத்தான் மாறிருவானாக்கும்?"

உலகத்தில் பாதிப்பேருக்கு அப்போது அதே சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரத்தான் எம்.பி.க்கள் போனார்கள்.

ஆனால் கதை அதற்கு முன்பே, 2009இல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் மே மாதம் ஜான் யெட்டா என்ற அமெரிக்கர் இன்யா ஏரியை நீந்திக் கடந்து, ராணுவ ஆட்சியை எதிர்த்து வீட்டுக்காவலில் இருந்த ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூச்சியின் வீட்டுக்குள் போய்விட்டார். அவருக்கு ஏழு வருடச் சிறைத் தண்டனை. சூச்சிக்குக் காவல் இன்னும் 18 மாதம் நீண்டது. இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த ஜூலையில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் நேரில் போய், சூச்சியைப் பார்க்க அனுமதி கேட்டார். ராணுவத் தலைவர் தான் ஷ்வே முடியாது என்றுவிட்டார். ஆகஸ்ட்டில் ஜிம் வெப் போனார். அமெரிக்க செனட் உறுப்பினர், கிழக்காசிய விவகாரத் துணைக்குழுவின் தலைவர். அவரைத் தான் ஷ்வேயே பார்த்தார். சூச்சியைச் சந்திக்கவும் விட்டார்கள். திரும்பும்போது யெட்டாவையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

ஐ.நா. தலைவருக்குத் திறக்காத கதவு ஒரு செனட்டருக்கு ஏன் திறந்தது?

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போகுமுன் தூரத்துச் சித்தப்பா ஒருவரை அனுப்புவார்கள். "சும்மா இந்தப் பக்கம் ஒரு ஜோலியா வந்தேன், அப்பிடியே எட்டிப் பாத்தேன்" என்பார். காப்பி குடித்துக்கொண்டே எல்லாம் பேசிவிடுவார். கூடி வந்தால் பெரியவர்கள் தாம்பாளத்தோடு போவார்கள். கூடாவிட்டால் யாரும் யாரையும் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் முதலிலேயே போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தால் அது நாட்டுக்கே அவமானம். வெப் வெறுங்கையோடு வந்திருந்தால் அது வெப்போடு போயிற்று. பர்மா மேல் அமெரிக்கா போட்டிருந்த தடைகளைப் பற்றி அவர் கேள்வி எழுப்பி வந்தவர் என்பதும் தான் ஷ்வேக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இரண்டு வருடம் கழித்து, 2011 நவம்பர் கடைசியில், தாம்பாளத்தோடு ஹிலாரி கிளிண்டன் போனார். 1955க்குப் பிறகு அங்கே போன முதல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அவர்தான்.

இன்னொரு காரணம் இதைவிடக் கெட்டியானது. பர்மாப் பொருள்களை அமெரிக்காவுக்குள் விடாத தடை 2003ஆம் வருடச் சட்டத்தில் இருந்தது. வருடா வருடம் அமெரிக்கக் காங்கிரஸ் கூடி அதைப் புதுப்பிக்க வேண்டும். அதாவது பூட்டு அதிபர் ஒபாமாவிடம் மட்டும் இல்லை, சாவிக்கொத்தில் பாதி செனட்டர்கள் இடுப்பில். அந்தச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானல். அவரே 2012 ஜனவரியில் பர்மாவின் புதுத் தலைநகர் நேப்பிடோவுக்குப் போய்த் தெய்ன் செய்னைப் பார்த்தார். அதே மாதம் ஜான் மெக்கெய்ன், ஜோ லீபர்மன் முதலான நாலு செனட்டர்களும் போனார்கள். தடையை எடுங்கள் என்று அதிபர் கேட்டால், எடுப்பதற்குக் கை தூக்க வேண்டியவர்களே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்குக் கையெழுத்து எதற்கு?

அவர்கள் கேட்டது என்னவென்பது அப்போதே வெளிப்படை. அரசியல் கைதிகளை விட வேண்டும், ஏப்ரல் 1 இடைத்தேர்தல் ஒழுங்காக நடக்க வேண்டும், வடக்கே கச்சின் இனப் போராளிகளோடு நடக்கும் சண்டை நிற்க வேண்டும், வட கொரியாவோடு உள்ள ராணுவ உறவை விட வேண்டும்.

இப்போது அந்த ஜனவரி நாட்காட்டியைப் பாருங்கள். 12ஆம் தேதி கரேன் இனப் போராளிகளோடு போர்நிறுத்தம். 13ஆம் தேதி 651 கைதிகள் விடுதலை. 1988 மாணவர் போராட்டத் தலைவர் மின் கோ நைங்கும் அதில் ஒருவர். ஓரிரு நாளில் மெக்கானல் வந்து இறங்குகிறார். 22ஆம் தேதி மெக்கெய்ன் குழு.

இதைப் படித்தபோது எனக்கு பிளீச்சிங் பவுடர் வாசனையே வந்துவிட்டது. சட்டமன்றக் குழு வருகிறது என்று தந்தி மாதிரி ஒரு தகவல் வரும். அடுத்த நாளே சாலையின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு. ஆறு மாதமாக அடைத்துக் கிடந்த சாக்கடையை ராத்திரியோடு ராத்திரியாக அள்ளுவார்கள். பூட்டியே கிடக்கும் பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு வந்துவிடும். நாங்கள் எல்லோரும் இதைக் கேலி செய்வோம். ஆனால் ஒரு தடவை அந்தப் பள்ளியின் சத்துணவு அம்மா என்னிடம், "சார், மாசத்துக்கு ஒரு குழுவ வரச் சொல்லுங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்துடைப்புக்குக் கட்டினாலும் தண்ணீர் தண்ணீர்தானே. மின் கோ நைங் வெளியே வந்ததும் அப்படித்தான். நாடகத்துக்காக விட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 65 வருடத் தண்டனையை அவர் உள்ளே கழிக்கவில்லை.

ஆக, இந்த மாதிரிப் பயணத்தில் நடக்கிற காரியம் பெரும்பாலும் விமானம் தரையிறங்கும் முன்பே நடந்துவிடுகிறது.

அறைக்குள் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம். குழு உட்காரும் மேசையில் ஆளுக்கு ஒரு எழுதுபலகை, ஒரு பேனா, தண்ணீர் பாட்டில். யார் எங்கே உட்காருவது என்பதற்கு முந்தைய நாள் இரண்டு மணி நேரம் செலவாகும். கேள்விக்கான பதில் முன்கூட்டியே தட்டச்சாகி இருக்கும். 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்ற வரி இல்லாத பக்கம் இருக்காது. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு உறுப்பினர், நாங்கள் போட்ட பாதையை விட்டு இறங்கி, பக்கத்துத் தெருவுக்குள் நடந்துவிடுவார். எங்களுக்கு வயிறு கலங்கும். அந்தப் பதினைந்து நிமிடம்தான் உண்மையான ஆய்வு. ஒருமுறை அப்படி இறங்கிய ஒருவர், நாங்கள் வேலை முடிந்ததாகக் கணக்கில் காட்டியிருந்த குடிநீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். டங் என்றது. எங்கள் மேலதிகாரி முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் எந்த எம்.பி. குழு எங்கே போனாலும் நான் பார்ப்பது அதிபரோடு எடுத்த படத்தை அல்ல. வேறு யாரைப் பார்க்க விட்டார்கள் என்பதைத்தான். மெக்கானலும் மெக்கெய்னும் சூச்சியையும் தனியே பார்த்தார்கள். அதிபர் சொன்னதை வைத்துத் தட்டிப் பார்க்க ஒரு தொட்டி இருந்தது.

அந்த இடைத்தேர்தலில் சூச்சியின் கட்சி 45 இடங்களில் 44இல் நின்று 43இல் ஜெயித்தது. ஜூலையில் அமெரிக்கா முதலீட்டுத் தடையைத் தளர்த்தியது. 22 வருடம் கழித்துத் தூதர் போனார். 2013 ஜூலையில், காங்கிரஸ் புதுப்பிக்காமல் விட்டதால் இறக்குமதித் தடையே காலாவதியானது.

நம் எம்.பி.க்கள் போனால் இப்படி நடக்குமா என்றால், நடக்காது. இதே 2012 ஏப்ரலில் சுஷ்மா சுவராஜ் தலைமையில் இந்திய எம்.பி.க்கள் குழு இலங்கைக்குப் போனது. அ.தி.மு.க.வும் தி.மு.க.வும் போகவில்லை. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மலையகம் என்று சுற்றிவிட்டுக் கடைசி நாள் அந்நாட்டு அதிபர் ராஜபக்சேயோடு காலைச் சாப்பாடு. மாகாணங்களுக்கு அதிகாரம் தரும் 13ஆவது சட்டத்திருத்தத்துக்கு மேலேயும் தருவதாக அதிபர் சொன்னார் என்றார் சுஷ்மா. கொஞ்ச நாளில் அப்படி ஒரு வாக்குறுதியே தரவில்லை என்று கொழும்புப் பத்திரிகையில் செய்தி. வண்ணார்பேட்டை டீக்கடையில் அன்று நடந்த சண்டை, நாடாளுமன்றத்தில்கூட நடந்திருக்காது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பை இரண்டு தரப்பும் சேர்ந்து எழுதாவிட்டால் இப்படித்தான் முடியும், எங்கள் அலுவலகத்துக் கடைநிலை எழுத்தருக்கும் இது தெரியும். ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல. நம் ஊரில் வெளியுறவு முழுக்க மத்திய அரசின் கையில். எம்.பி.யின் இடுப்பில் சாவி கிடையாது. எதிரில் இருப்பவர் இட்லியோ இடியாப்பமோ போட்டு மரியாதையாக அனுப்பிவைப்பார்.

அமெரிக்க செனட்டர்களை ரொம்பத் தூக்கி வைக்கிறேன் என்று தோன்றலாம். அவர்கள் கோட்டைவிட்டதும் உண்டு. 2008ஆம் வருட அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் ராணுவத்துக்கு. முக்கியமான பிரிவைத் திருத்த 75 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வேண்டும். கணக்கு தெரிந்த யாருக்கும் புரியும், ராணுவம் சம்மதிக்காமல் ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது. கைதி விடுதலை கண்ணுக்குத் தெரிகிற விஷயம், படம் எடுக்கலாம். இந்தக் கால்வாசி படத்தில் விழாது. அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் தடைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. 2012 ஜூனில் மேற்கே ரக்கைன் மாநிலத்தில் ரோஹிங்கியா முஸ்லிம்களின் வீடுகள் எரிந்தபோதும் சீர்திருத்தப் பாராட்டு நிற்கவில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று, புது நாடாளுமன்றம் கூடவேண்டிய அதே காலையில், ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. ஆச்சி அதைப் பார்க்க இல்லை. இருந்திருந்தால் 'உடுப்பு' கதையை ஊருக்கே சொல்லியிருப்பார்.

மெக்கெய்ன் போன செய்தி வந்த அன்று சாயங்காலம் ஆச்சி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "எய்யா, போனவிய நம்ம கடையப் பத்தி ஏதும் கேட்டாவளா?"

"அவங்க அமெரிக்காக்காரங்க, ஆச்சி."

"சரி. நம்மாளு போகையில கேப்பாவ."

நம்மாளும் போனார். 2012 மே கடைசியில் மன்மோகன் சிங். 25 வருடத்தில் பர்மா போன முதல் இந்தியப் பிரதமர். 12 ஒப்பந்தம், 50 கோடி டாலர் கடன். நான் பேப்பரை முழுக்க வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சாலை, பஸ், எல்லைச் சந்தை எல்லாம் இருந்தது. 1964இல் பறிபோன கடைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆச்சி எழுந்து, மடியில் வைத்திருந்த ரசீதை மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டினார். "பெரியவியளுக்குப் பெரிய ஜோலி இருக்கும்" என்றார். அப்புறம், "நம்ம எம்.பி. ஒருத்தரும் கூடப் போவலியால?" என்று கேட்டார்.