கிண்ணத்தில் மிஞ்சிய சோறு: இளம் தாய்மாரின் கேள்விகளுக்குக் குழந்தைநல மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மார் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், சில கடிதங்களை மட்டும் சுருக்கி, எழுதியவரின் ஊரைக் குறிப்பிட்டு, இங்கே பதில் எழுதியுள்ளேன்.

என் மகளுக்கு வயது இருபது மாதம். ஒரு வேளைச் சோறு ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. கைபேசியில் பாட்டுப் போட்டால்தான் வாயைத் திறக்கிறாள். பிறக்கும்போது 2.9 கிலோ, முதல் பிறந்த நாளில் 8.4 கிலோ, இப்போது 9.8 கிலோ இருக்கிறாள். "பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறது, நீ என்னதான் ஊட்டுகிறாய்?" என்று மாமியார் தினமும் கேட்கிறார். பால் மட்டும் மறுக்காமல் மூன்று பாட்டில் குடித்துவிடுகிறாள். நான் என்ன செய்வது?
(வாசகி, ஈரோடு)

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எடைகளிலேயே பாதி விடை இருக்கிறது. பிறந்த எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கை ஒரு குழந்தை முதல் ஆண்டில் எட்டிவிடுகிறது. அதே வேகத்தில் இரண்டாம் ஆண்டிலும் வளர்ந்தால் வீடு தாங்காது. அந்த ஆண்டில் கூடும் எடை இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. எட்டு மாதத்தில் 1.4 கிலோ கூடியிருக்கும் உங்கள் மகள், உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி அவளுடைய வயதுப் பெண் குழந்தைகளுக்குரிய இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறாள். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தந்த தாய் சேய் நல அட்டையின் வளர்ச்சி வரைபடத்தில் இந்த மூன்று எடைகளையும் புள்ளிகளாகக் குறித்து, அந்தக் கோட்டை மாமியாரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதைக் காட்டிலும் அவளுடைய கோட்டை அவளுடைய கோட்டோடு ஒப்பிடுவதுதான் முறை.

மீதிப் பாதி விடை அந்த மூன்று பாட்டிலில் இருக்கிறது. பாட்டிலுக்கு 250 மில்லி என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 750 மில்லி பால் உள்ளே போகிறது. அவ்வளவு பால் நிறைந்த சிறு வயிற்றில் சோற்றுக்கு இடம் எங்கே இருக்கும்? மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதையும் அது தடுக்கிறது. பாலை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தைக்கு இரத்தசோகை வருவதையும், இரத்தசோகையால் பசி மேலும் குன்றுவதையும் வாரந்தோறும் பார்க்கிறேன். ஆகவே ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் வேண்டாம். அதையும் பாட்டிலில் கொடுக்காமல் டம்ளரில், சாப்பாட்டுக்குப் பின்னர் கொடுங்கள். இரவில் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் பழக்கம் இருந்தால் முன்பற்கள் சொத்தையாகும் என்பதால், முதலில் நிறுத்த வேண்டியது அந்தப் பாட்டிலைத்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் இருமுறை தரும் இரும்புச்சத்து மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.

கைபேசியைப் பற்றி எழுதினால், "நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டிய பரம்பரைதானே நாம்" என்று சிலர் வாதிடுவார்கள். நிலாவைக் காட்டி ஊட்டும் பாட்டி பேசிக்கொண்டே ஊட்டுவார். குழந்தை முகத்தைத் திருப்பினால் கையை நிறுத்துவார். தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த திரையைப் பார்க்கும் குழந்தைக்கோ வாயில் இருப்பது இட்லியா, முட்டையா என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதன் பின் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் சொல்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. சாப்பாட்டு நேரத்துக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கைபேசியை நிறுத்தும் முதல் சில நாட்கள் கடினமாகத்தான் இருக்கும், அவள் குறைவாகத்தான் சாப்பிடுவாள் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் சாப்பிடும் நேரத்தில் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து, தனித் தட்டில் இரண்டு இட்லித் துண்டும் கொஞ்சம் பருப்பும் வையுங்கள். அவள் பிசைவாள், தலையில் பூசிக்கொள்வாள், சாம்பாரில் ஊறிய துண்டைத் தரையில் போட்டு அது நசுங்குவதை ரசிப்பாள். தரையில் ஒரு பழைய துணியை விரித்துவிட்டு விட்டுவிடுங்கள். என்ன சமைப்பது, எப்போது தருவது என்பவை உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவளுடைய உரிமை. 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் அளவு அவளுக்கு முழுச் சாப்பாடு. அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். பிறகு அடுத்த வேளை வரை பிஸ்கட்டோ பாலோ கொடுக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம், ஏனென்றால் அதற்கு வீட்டில் எல்லோருமே ஒத்துழைக்க வேண்டும். காலில் கிடத்தி, அழும் வாயில் திணிப்பது எந்த நிலையிலும் கூடாது; உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ, முகம் வெளிறினாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

உறவினர் திருமணத்தில் என் இரண்டரை வயது மகள் தரையில் புரண்டு அரை மணி நேரம் கத்தினாள். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று நாத்தனார் சொன்னார். என் வளர்ப்பில்தான் பிழையா?
(வாசகி, மதுரை)

அன்று காலையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முகூர்த்தத்துக்காக விடியுமுன் எழுப்பியிருப்பீர்கள். ஜரிகை குத்தும் பட்டுப்பாவாடையைக் கட்டியிருப்பீர்கள். நாதசுரமும் ஒலிபெருக்கியும் காதடைக்க, முன்பின் தெரியாத பலர் கன்னத்தைக் கிள்ளியிருப்பார்கள். பந்தியில் இடம் கிடைக்கும் முன் அவள் தூங்கும் நேரம் வந்திருக்கும். பெரியவர்களுக்கே எரிச்சல் வரும் அந்த நிலைமையில், "எனக்குத் தூக்கம் வருகிறது, இந்தத் துணி குத்துகிறது, வீட்டுக்குப் போகலாம்" என்று சேர்த்துச் சொல்லும் அளவுக்கு அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஒன்றரை வயது தொடங்கி நான்கு வயது வரை இப்படிப்பட்ட ஆவேச அழுகை இயல்பானது. அதை வளர்ப்புப் பிழை என்று சொல்ல முடியாது.

அந்த நேரத்தில் அறிவுரை எதுவும் காதில் ஏறாது. தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே போய், பாவாடையை மாற்றி, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். குறைவாகப் பேசுங்கள். அழுகையை நிறுத்துவதற்காகச் சாக்லேட் கொடுத்தால் அடுத்த முறை சாக்லேட்டுக்காகவே அழுகை வரும். "பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்", "டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று மிரட்டுவதும் வேண்டாம். (இந்த இரண்டாவது மிரட்டலால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: காய்ச்சலுக்காக வரும் குழந்தை என் அறை வாசலைப் பார்த்ததுமே அலறினால், நெஞ்சில் குழாயை வைத்து எதையும் கேட்க முடிவதில்லை.) அழும்போது மூச்சு நின்று உதடு நீலமாகும் குழந்தைகளும் உண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் அவர்களில் சிலருக்கு இரும்புச்சத்துக் குறைபாடு இருப்பதால் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

நாத்தனாருக்குப் பதில் சொல்வதா வேண்டாமா என்பதை உங்கள் குடும்ப நிலவரம் தீர்மானிக்கட்டும்.

குளிப்பாட்ட வரும் பாட்டி என் இரண்டு மாதக் குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுகிறார். உரை மருந்தும் தர வேண்டும் என்கிறார். சரியா?
(வாசகி, தஞ்சாவூர்)

உடம்பில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தவறில்லை. பாட்டியின் கை அனுபவத்தை நானும் மதிக்கிறேன். மூக்கில் எண்ணெய் விடுவது மட்டும் கண்டிப்பாகக் கூடாது, ஏனென்றால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். காதுக்கும் தேவையில்லை. சாம்பிராணிப் புகையைக் குழந்தையின் முகத்தருகே காட்டாதீர்கள். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலைத் தவிர உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது முடியும் வரை வேண்டாம்.

இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்றரை வயது மூத்த மகன் திடீரென்று உடையிலேயே சிறுநீர் கழிக்கிறான், பால் பாட்டில் கேட்கிறான், பாப்பாவைக் கிள்ளுகிறான். அடித்துவிட்டு நானும் அழுகிறேன்.
(வாசகி, திருநெல்வேலி)

நீங்கள் மருத்துவமனையிலும் பின்னர் தாய்வீட்டிலும் இருந்த நாட்களில் அவன் எங்கே இருந்தான் என்று எழுதவில்லை. அப்பாவோடு ஊரில் விடப்பட்டிருந்தால், அவன் கணக்கில் நடந்தது இதுதான்: அம்மா காணாமல் போனாள், திரும்பி வந்தபோது மடியில் வேறொருவர் இருந்தார். தொட்டிலில் கிடப்பவளுக்குச் சிறுநீர் கழித்தாலும் கொஞ்சல் கிடைக்கிறது, அழுதாலும் கொஞ்சல் கிடைக்கிறது. தனக்கு மட்டும் "நீ பெரியவன்" என்ற பட்டம். அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவன் மீண்டும் குழந்தையாகிறான்.

ஈரமான உடையை ஒன்றும் சொல்லாமல் மாற்றிவிடுங்கள். பாட்டில் கேட்டால் கேலி செய்யாமல் இரண்டு வாய் குடிக்க விடுங்கள். அது பழகிய சுவையாக இல்லாததால் பெரும்பாலும் அவனே வைத்துவிடுவான். நாள்தோறும் கால் மணி நேரம், பாப்பாவை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அவனோடு மட்டும் இருங்கள். பார்க்க வருகிறவர்கள் நேரே தொட்டிலுக்குப் போகாமல் முதலில் அவனிடம் இரண்டு வார்த்தை பேசும்படி வாசலிலேயே சொல்லிவிடலாம். இருவரையும் ஆளில்லாமல் தனியே விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட. கிள்ளும்போது கையைப் பிடித்துத் தடுத்து, "பாப்பாவுக்கு வலிக்கும், விடமாட்டேன்" என்று சொன்னால் போதும், அடிக்கத் தேவையில்லை. சில வாரங்களில் இது தணியும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல், அளவுக்கு மீறிய தாகம் ஆகியவை இருந்தால் மட்டும் தாமதிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

பதினொரு மாத மகன் நான் வேலைக்குக் கிளம்பினால் கதறுகிறான். அவன் பார்க்காதபோது பின்வாசல் வழியே போய்விடு என்கிறார் அம்மா. குற்ற உணர்ச்சியில் அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை.
(வாசகி, கோயம்புத்தூர்)

பின்வாசல் வேண்டாம். எட்டு மாதம் அளவில் தொடங்கும் பிரிவு அச்சம் ஒன்றரை வயது வரை உச்சத்தில் இருக்கும். சொல்லாமல் மறைந்தால், அம்மா எந்த நொடியிலும் மறையக்கூடியவள் என்று கற்றுக்கொண்டு, நீங்கள் குளியலறைக்குப் போனால்கூட முந்தானையைப் பிடித்துக்கொள்வான். ஒரே வாக்கியம், ஒரே முத்தம், வாசலிலிருந்து கையசைப்பு. அதன்பின் திரும்பி வந்து எட்டிப் பார்க்காதீர்கள். அவன் எத்தனை நிமிடத்தில் அழுகையை நிறுத்தினான் என்று அம்மாவிடம் பிறகு தொலைபேசியில் கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் பேருந்து வருவதற்குள் நிறுத்தியிருப்பான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கிடைத்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பதும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்பதும் அதே திருத்தத்தில் வந்தவைதான். விடுப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காப்பகத்தைப் பற்றி ஏனோ யாரும் கேட்பதில்லை. குற்ற உணர்ச்சியில் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியை, சக ஊழியர்களோடு சேர்ந்து அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதச் செலவிடலாம்.

குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. என் மனைவி காரணமில்லாமல் அழுகிறாள், குழந்தை தூங்கும்போதும் தூங்குவதில்லை, "நான் நல்ல அம்மா இல்லை" என்கிறாள். பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்கிறார்கள் வீட்டில். நான் என்ன செய்யலாம்?
(வாசகர், ஓசூர்)

இந்த முறை வந்த கடிதங்களில் முதலில் படித்துப் பதில் எழுதியது உங்களுடையதுதான். பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்களில் பெரும்பாலான தாய்மாருக்கு வரும் அழுகையும் கலக்கமும் இரண்டு வாரத்துக்குள் தானாக விலகிவிடும். நான்கு மாதத்திலும் தொடர்வது, வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராதது, தன்னையே குறை கூறிக்கொள்வது ஆகியவை மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வின் அறிகுறிகள். அது குணமாகக்கூடிய நோய். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளத்தக்க மருந்துகளும் இருக்கின்றன. தைராய்டு மாற்றமும் இரத்தசோகையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை. இந்த வாரமே மனநல மருத்துவரிடம் நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்குள் பேச வேண்டுமென்றால், டெலிமானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். இறந்துவிடலாம் என்றோ குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேன் என்றோ அவர் சொன்னாலும், யாரோ பேசுவது காதில் விழுவதாகச் சொன்னாலும், ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, அவருக்குத் தொடர்ந்து நான்கைந்து மணி நேரத் தூக்கத்தை உறுதி செய்வது. இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் அவர் வேறு அறையில் படுக்கட்டும்; ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டு உலாத்துவது எல்லாம் நள்ளிரவு தாண்டும் வரை உங்கள் வேலை. இடையில் பசித்து அழுதால், பகலில் பீய்ச்சிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த தாய்ப்பாலை எடுத்து, வெந்நீர் இருக்கும் கிண்ணத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, பாலாடையில் கொடுங்கள். அடுப்பில் நேரடியாகச் சூடாக்காதீர்கள், மிஞ்சியதை மறுமுறைக்கு வைக்காதீர்கள்.