மனப்பாடம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்

கேள்வி: கோவையில் ஒரு ஃபவுண்டரியில் (இரும்பு வார்ப்பாலையில்) சூப்பர்வைசராக இருக்கிறேன். ஐ.டி.ஐ. படித்தவன். பம்ப் காஸ்டிங்கில் (வார்ப்பில்) ப்ளோ ஹோல், அதாவது வாயு மாட்டி உண்டாகும் ஓட்டை, விழுந்து ரிஜெக்ட் ஆவதைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். அதற்காக, வேலையில் உள்ள கோளாறைத் தொழிலாளர்களே கூடித் தீர்க்கும் எங்கள் குவாலிட்டி சர்க்கிள் அணியை அடுத்த மாதம் ஒரு போட்டிக்கு அனுப்புகிறார்கள். 15 நிமிடம் நான் பேச வேண்டும். இன்ஜினியர் எழுதிக்கொடுத்த நான்கு பக்கத்தையும் மனப்பாடம் செய்தேன். மேனேஜர் முன்னால் சொல்லிப் பார்த்தபோது இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி மறந்து அப்படியே நின்றுவிட்டேன். கை நடுங்கியது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிடலாமா என்று இருக்கிறது. தமிழிலேயே பேசலாம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு என்கிறார்கள் நண்பர்கள். அச்சு மணலில்தான் கோளாறு என்று முதலில் சொன்னவர், அந்த அச்சைச் செய்யும் எங்கள் மோல்டர் அண்ணன். அவரோ மேடைப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

அன்புள்ள தம்பிக்கு,

வேறு யாரையும் அனுப்பச் சொல்லாதீர்கள். நீங்களே போங்கள். அன்று மேனேஜர் முன்னால் உங்களை நிறுத்தியது அந்த நான்கு பக்கம்தான். இன்னொருவர் எழுதிய வாக்கியங்களை வரி பிசகாமல் ஒப்பிக்கப் போனால் யாராக இருந்தாலும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். மனப்பாடம் செய்த பேச்சில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ஒன்று நழுவினால் அடுத்தது வராது. அதே ப்ளோ ஹோலைப் பற்றி டீ நேரத்தில் யாராவது கேட்டால் அரை மணி நேரம் பேச மாட்டீர்களா? பேசுவீர்கள். அந்தப் பேச்சைத்தான் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த நான்கு பக்கத்தையும் இன்ஜினியரிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு கெட்டி அட்டையில் ஆறு தலைப்பு மட்டும் எழுதுங்கள்: என்ன கோளாறு, எவ்வளவு நஷ்டம், எதையெல்லாம் சந்தேகித்தோம், எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம், இப்போது எப்படி இருக்கிறது. இதற்குமேல் வாக்கியம் எதையும் எழுத வேண்டாம். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரே ஒரு எண் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் பதற்றத்தில் முதலில் மறப்பது எண்தான்.

எங்கே ஆரம்பிப்பது? நிறைய அணிகள் கம்பெனியின் வரலாறு, வாங்கிய சான்றிதழ்கள், கிளைகள் என்று தொடங்கி முதல் மூன்று நிமிடத்தை வீணாக்கிவிடுகின்றன. நீங்கள் வணக்கம் சொன்னதும் கையில் ஒரு காஸ்டிங்கை எடுங்கள். ரிஜெக்ட் ஆனதில் ஒன்றை, மெஷினிங் முடிந்து ஓட்டை தெரிகிறதே, அந்த இடத்தில் அறுத்து எடுத்து வந்திருங்கள். “இது வெளியே பார்க்க நல்ல காஸ்டிங். லேத்தில் ஏற்றி மேல்பரப்பைச் சீவிய பிறகுதான் இந்த ஓட்டை தெரிந்தது. அதற்குள் உருக்கிய செலவு, வார்த்த செலவு, கடைந்த செலவு எல்லாம் போய்விட்டது.” இவ்வளவு போதும். அரங்கம் உங்கள் கையைப் பார்க்கும். உங்களுக்கும் கைக்கு ஒரு வேலை கிடைக்கும். நடுங்கும் கைக்கு அது பெரிய உதவி. முன்வரிசைக்கு அந்தத் துண்டைச் சுற்றுக்கு விடலாமா என்று அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் காரணத்தை விளக்கும் இடம். உங்கள் பேச்சின் உயிர் அங்கேதான் இருக்கிறது, ஆகவே நேரத்தை அங்கே தாராளமாகச் செலவழியுங்கள். மணலில் ஈரம் கூடினால் 1300 டிகிரிக்கும் மேலே இருக்கிற இரும்பு உள்ளே இறங்கும்போது அந்த ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஆயிரம் மடங்குக்கும் மேல் விரியும். மணலின் இடுக்குகள் வழியாகவும் வென்ட் எனும் காற்றுத் துளை வழியாகவும் அது வெளியேற வேண்டும். வழி போதவில்லை என்றால் இரும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த ஓட்டை. இதை ஃபவுண்டரி தெரியாத நடுவருக்கும் புரிகிற மாதிரிச் சொல்ல உங்களால் முடியும். முடிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: முதல் ஒத்திகையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மனைவியோ அம்மாவோ எதிரே உட்காரட்டும். “ப்ளோ ஹோல்னா என்னங்க?” என்று அவர்கள் கேட்டதும் நீங்கள் யோசிக்காமல் சொல்கிற பதில் இருக்கிறதே, மேடையிலும் அதையே சொல்லுங்கள். இன்ஜினியர் எழுதியதைவிட அது தெளிவாக இருக்கும்.

மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழில் பேசுங்கள், தயங்கவே வேண்டாம். குவாலிட்டி சர்க்கிள் என்ற ஏற்பாடு 1962-ல் ஜப்பானில் தொடங்கியது. ஜப்பானியப் பேராசிரியர் இஷிகாவா போன்றவர்கள் அதை வளர்த்ததன் நோக்கமே, எந்திரத்தின் முன் நிற்கிற தொழிலாளி தன் வேலையில் உள்ள கோளாறைத் தானே கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டும் என்பதுதான். அப்படிப்பட்ட மேடையில் தொழிலாளி தன் மொழியில் பேசுவதைவிடப் பொருத்தமானது வேறு எது? மோல்டு, வென்ட், ரிஜெக்ஷன் எல்லாம் நீங்கள் தினமும் சொல்கிற வார்த்தைகள், அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத மொழியில் பேசும்போது மனதில் பாதி வார்த்தை தேடப் போய்விடும். விஷயத்துக்கு மீதிப் பாதிதான் கிடைக்கும். ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தால் இருக்கட்டும்.

ஸ்லைடு என்றதும் இரண்டு விஷயம். உங்கள் மீன்முள் படத்தில், அதாவது கோளாறின் காரணங்களை மீன் முள் போலக் கிளை கிளையாக எழுதும் படத்தில், இருபது முப்பது காரணங்கள் எழுதியிருப்பீர்கள். பத்தாவது வரிசையில் உட்கார்ந்தவருக்கு அது வெறும் கோடுகள்தான். முழுப் படத்தையும் ஒரு முறை காட்டி, “இத்தனையையும் பார்த்தோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த ஸ்லைடில் மணல் என்ற ஒரு முள்ளை மட்டும் பெரிதாகப் போடுங்கள். மற்ற ஸ்லைடுகளிலும் நாலைந்து வரிக்கு மேல் வேண்டாம். இரண்டாவது, தமிழ் எழுத்து. பாமினி மாதிரியான பழைய ஃபான்டில் அடித்திருந்தால் அரங்கத்துக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லாதபோது திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில், லதா அல்லது நிர்மலா ஃபான்டைப் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். கூடவே ஒரு பி.டி.எஃப். பிரதியும் பென் டிரைவில் இருக்கட்டும். திரையைப் பார்த்து ஸ்லைடை வாசிக்காதீர்கள். வாசிக்க நடுவர்களுக்கே தெரியும், நீங்கள் அவர்கள் பக்கம் பார்த்து நில்லுங்கள்.

ஒத்திகை என்றால் வாய் திறந்து, நின்றுகொண்டு செய்வது. மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் ஒத்திகையில் சேராது. மனதுக்குள் எல்லாமே சரளமாகத்தான் வரும். நாக்கு எங்கே இடறுகிறது என்பது சத்தமாகச் சொன்னால்தான் தெரியும். போனில் பதிவு செய்து நேரத்தைப் பாருங்கள். 15 நிமிடம் கொடுத்தால் 13-ல் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மேடை ஏறுவது, மைக் சரிசெய்வது, ஸ்லைடு மாறத் தாமதமாவது என்று மீதி போய்விடும். எச்சரிக்கை மணி அடித்தால் எந்தத் தலைப்பை விட்டுவிடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு ஒத்திகையிலும் வார்த்தைகள் கொஞ்சம் மாறி மாறி வரும். வரட்டும், அது நல்லது. ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்லிப் பழகியவருக்கு ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று கிடைக்கும். முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டு வாக்கியமும் மட்டும் அப்படியே மனதில் பதிந்திருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் பிடிமானம் தேவை.

சரி, கை நடுங்குவதற்கு வருவோம். அது அட்ரினலின் செய்கிற வேலை. இதயம் வேகமாகத் துடிக்கும், வாய் உலரும், விரல் ஆடும். எத்தனை மேடை ஏறியவர்களுக்கும் இதில் கொஞ்சமாவது இருக்கத்தான் செய்யும். அதை முழுக்க அடக்கிவிட்டுத்தான் பேசுவேன் என்று காத்திருக்காதீர்கள். 2014-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஒருவர் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகும் முன் “நான் அமைதியாக இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்களைவிட “நான் உற்சாகமாக இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். துடிக்கிற நெஞ்சை அமைதிப்படுத்துவது கடினம். அந்தத் துடிப்பை ஆர்வமாக எடுத்துக்கொள்வது அதைவிட எளிது. 2003-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. நம் பதற்றம் எல்லோருக்கும் தெரிகிறது என்று நாம் நினைப்போம். உண்மையில் அவ்வளவு தெரிவதில்லை. இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே எடுத்துச் சொன்னதும், கேட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்களாம். அன்று உங்கள் கை நடுங்கியதை மேனேஜர் கவனித்தாரா என்று கேட்டுப் பாருங்களேன். கவனித்திருக்கவே மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மெல்லிய காகிதத்தைக் கையில் பிடிக்காதீர்கள், நடுக்கத்தை அது பெரிதாக்கிக் காட்டும். அட்டை என்று சொன்னது அதற்காகத்தான். மேடை ஏறுமுன் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்து ஐந்தாறு முறை செய்யுங்கள். ஒருவேளை மறுபடியும் மறந்துவிட்டால்? நிறுத்துங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், அட்டையைப் பாருங்கள். “சரி, அடுத்து என்ன செய்தோம் என்று சொல்கிறேன்” என்று தொடருங்கள். நீங்கள் எதை விட்டீர்கள் என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கையில் உங்கள் அட்டை இல்லை.

கேள்வி நேரத்துக்குப் பயப்பட வேண்டாம். உங்களுக்கு அதுதான் சாதகமான பகுதி. மணலை மாற்றியதால்தான் குறைந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள், வார்க்கும் சூட்டையும் சேர்த்து மாற்றினீர்களா, மற்ற லைன்களுக்கும் கொண்டுபோனீர்களா, மழைக்காலத்தில் என்ன ஆனது என்றெல்லாம் கேட்பார்கள். அணியோடு உட்கார்ந்து இப்படி ஒரு பத்துக் கேள்வியை நீங்களே தயார் செய்து, யார் எதற்குப் பதில் சொல்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தெரியாததைக் கேட்டால் “அதை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்தால் அடுத்த கேள்வி அங்கேயே வந்து விழும்.

கடைசியாக, அந்த மோல்டர் அண்ணன். அவரைப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், ஆனால் ஒன்று கேட்டுப் பாருங்கள். மணலை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் இறுக்கி, கட்டியை உடைத்துப் பார்த்து ஈரம் கூடவா குறைவா என்று சொல்வாரே, அதை மேடையில் செய்துகாட்ட முடியுமா என்று மட்டும் கேளுங்கள். இரண்டு வாளி மணல், ஒன்றில் ஈரம் சரியாகவும் இன்னொன்றில் கூடுதலாகவும் கொண்டுபோங்கள். அவர் பக்கத்தில் நின்று அவர் கை செய்வதை நீங்கள் வாயால் விளக்கினால் போதும். கண்டுபிடித்தவர் அவர் என்பதை அவர் பெயரைச் சொல்லியே அரங்கத்துக்குச் சொல்லுங்கள். ஒத்திகையில் இரண்டு தரம் இப்படிச் செய்த பிறகு அவரே ஒரு வார்த்தை சொல்லத் தொடங்கினால், குறுக்கே பேசாமல் மைக்கை அவர் பக்கம் நகர்த்துங்கள்.