Re: ரோம் முற்றத்தில் கிடக்கும் பளிங்குப் பாதம் யாருடையது?

நண்பரே, செருப்பில்லாத வெறும் பாதம் என்பதால் ரோமானியக் கடவுள் ஜூபிடரின் சிலையாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான சந்தேகம்தான். பேரரசர்களையும் கடவுள் கோலத்தில், வெறுங்காலோடு வடிப்பது அங்கே வழக்கம், அதனால் பாதத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் படத்தில் இருப்பது கபிட்டோலைன் அருங்காட்சியக முற்றம்; பாதம் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் பெருஞ்சிலையுடையது. அந்தச் சிலையின் துண்டுகள் 1486இல் மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பழைய ரோமானியப் பொதுமண்டபத்தில் கிடைத்தவை. ஆளைக் காட்டிக்கொடுப்பது சுமார் இரண்டரை மீட்டர் உயரத் தலை: மழித்த முகம், வளைந்த மூக்கு, நெற்றியில் வரிசையாக விழும் முடிக்கற்றைகள். கான்ஸ்டன்டைனின் நாணயங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், புரியும். ஆனால் தாடைக்கு அடியில் பழைய தாடியைச் செதுக்கி எடுத்த தடயம் உண்டு என்கிறார்கள். அதாவது, வேறு யாருடைய சிலையையோ மாற்றியிருக்கிறார்கள். அது ஜூபிடர் என்பாரும் உண்டு. ஆக, உங்கள் ஊகம் முழுத் தப்பில்லை!

அப்புறம், அங்கே வலது கை இரண்டு இருக்கிறது. எனக்குப் பிடித்த புதிர் அதுதான். கையில் பிடித்திருந்த கோலை மாற்றியபோது கையையும் மாற்றியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு.

உடலைத் தேடாதீர்கள். தலை, கை, கால்தான் பளிங்கு. ஆடைப் பகுதி வேறு பொருளில் செய்தது, மிஞ்சவில்லை.