வாசலில் இன்ஜினை அணைக்காத வண்டிகள்: எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 200 வீடுகள். காலையிலும் மாலையிலும் பள்ளி வேன்கள், டாக்சிகள், பொருள் கொண்டுவரும் வண்டிகள் எல்லாம் வாசலில் இன்ஜினை அணைக்காமலே நிற்கின்றன. தரைத்தள வீடுகளில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. போய்ச் சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சுகிறது. சங்கத்துக்கென்று இரண்டு பழைய டீசல் வேன்கள் இருக்கின்றன, அவற்றையும் மாற்றும் எண்ணம் உண்டு. சிஎன்ஜியா (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு), மின்சாரமா என்று ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள். நாங்களாகச் சேர்ந்து என்ன செய்ய முடியும்? எதை முதலில் தொடங்குவது?

பதில்: வேன் மாற்றுவதைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். முதலில் வாசலைப் பாருங்கள்.

புது வண்டி வாங்கப் பணம் வேண்டும், பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்ஜினை அணைக்க சாவியைத் திருப்பினால் போதும். இன்னொரு காரணமும் உண்டு. வாசலில் யார், எவ்வளவு நேரம், எதற்காக நிற்கிறார்கள் என்று நின்று கவனித்த குழு, பிறகு எரிபொருளைப் பற்றி யோசிக்கும்போதும் அதே கவனத்தோடு யோசிக்கும். அப்படிக் கவனிக்காத குழுக்கள் விளம்பரத்தைப் பார்த்து வண்டி வாங்கிவிட்டுத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம், காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். இரண்டு பேர் ஒரு நோட்டுடன் வாசலில் உட்காருங்கள். என்ன வண்டி, எத்தனை நிமிடம் நின்றது, இன்ஜின் ஓடியதா, ஏன் ஓடியது என்று நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். வண்டி எண்ணை எழுத வேண்டாம். எழுதினால் வேவு பார்ப்பதாக நினைப்பார்கள், அப்புறம் யாரும் பேச மாட்டார்கள். 'ஏன்' என்ற கடைசிப் பத்திக்கு டிரைவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். ஏசி இல்லாமல் உள்ளே உட்கார முடியவில்லை, கேட்டில் பெயர் எழுத வரிசை, பிள்ளைகள் இன்னும் இறங்கி வரவில்லை, பேட்டரி பலவீனம், அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ என்ற பயம், வெறும் பழக்கம் என்று பதில்கள் வரும். இந்தப் பட்டியலைப் படித்தாலே தெரியும், பலவற்றில் டிரைவர் மேல் தப்பே இல்லை.

நான் இத்தனை காலம் பார்த்ததில் தெளிவாகத் தெரிந்துகொண்டது இதுதான்: காத்திருப்பு குறைந்தால் புகையும் குறையும். வண்டி நிற்கும் நேரத்தைக் குறைக்காமல் டிரைவரைத் திட்டிக்கொண்டே இருந்தால் பகைதான் வளரும். நான் உடனிருந்த ஒரு குடியிருப்பில், உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியையும் கேட்டில் நிறுத்திப் பதிவேட்டில் எழுதினார்கள். பின்னால் நிற்பவை எல்லாம் வரிசையில் உறுமிக்கொண்டிருந்தன. தினமும் வருகிற வண்டிகளுக்கு ஓர் அட்டை கொடுத்து நேராக உள்ளே விட்டதும் அந்த வரிசை கலைந்தது. நிழலான ஓர் இடம், ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர் வைத்தார்கள். டிரைவர்கள் வண்டியை அணைத்துவிட்டு அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எச்சரிக்கைப் பலகை எதுவும் வைப்பதற்கு முன்பே இது நடந்தது. பள்ளி வேன் விஷயத்தில், பிள்ளைகள் ஐந்து நிமிடம் முன்னதாகக் கீழே வந்தாலே பாதி வேலை முடியும். அதற்கு டிரைவரிடம் பேசிப் பயனில்லை. வீடுகளில்தான் பேச வேண்டும்.

இனி நம்பிக்கைகளைப் பற்றி. "மறுபடி ஸ்டார்ட் செய்தால் அதிக எண்ணெய் குடிக்கும்" என்ற பேச்சு கார்புரேட்டர் காலத்தது. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்த வண்டிகளில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய வண்டிகளில் எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கிறது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் சோதித்துச் சொன்னது: 10 விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால், அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்வதில்தான் எரிபொருள் மிச்சம். பேட்டரி, ஸ்டார்ட்டர் பற்றிய கவலையையும் சேர்த்துக்கொண்டு, உங்கள் வாசலுக்கு 'ஒரு நிமிடம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போடாமல் பின்பற்றக்கூடிய அளவு அது.

எவ்வளவு வீணாகிறது என்ற கணக்கை டிரைவர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் காட்டுங்கள். 2 லிட்டர் இன்ஜின் உள்ள சிறிய பெட்ரோல் கார், ஏசி இல்லாமல் நின்றபடியே ஓடினால் மணிக்கு சுமார் 0.6 லிட்டர் குடிக்கிறது. கனரக லாரி 3 லிட்டர் வரை குடிக்கும். ஒரு டீசல் வேன் ஏசியோடு மணிக்கு 1 லிட்டர் என்று வைத்து, காலையும் மாலையும் இருபது இருபது நிமிடம் நிற்பதாகக் கொள்வோம். 200 பள்ளி நாட்களில் 130 லிட்டருக்கு மேல் போய்விடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு. ஆக, ஒரே ஒரு வேன், ஒரு அடி கூட நகராமல், ஆண்டுக்கு 350 கிலோ. இந்த 130 லிட்டர் யாருடைய பணம் என்று யோசித்தால், அதே வேன் உரிமையாளர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

புகையின் கெடுதலைச் சொல்லும்போது பயமுறுத்த வேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. குழந்தைகள் தங்கள் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். உயரமும் புகைக்குழாய்க்குப் பக்கத்தில்தான். வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது முன்வண்டியின் புகை பின்வண்டிக்குள் போகிறது, உள்ளே உட்கார்ந்திருப்பது பிள்ளைகள். குளிர்ந்த இன்ஜினில் இது இன்னும் மோசம். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி சுமார் 250, 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யும், நின்றபடி ஓடும் வண்டியில் அந்தச் சூடு மெதுவாகத்தான் ஏறுகிறது. காலையில் வண்டியைச் சூடேற்றுகிறேன் என்று பத்து நிமிடம் ஓடவிடுபவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அரை நிமிடம் விட்டு மெதுவாக ஓட்டினால் இன்ஜின் சீக்கிரமே சூடாகிவிடும்.

விதிவிலக்குகளை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ், குளிர்பதன வண்டி, இன்ஜின் சக்தியில் பம்போ பளுதூக்கியோ இயக்கும் வண்டி, ஏர் பிரேக்குக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருக்கும் பேருந்து, வெயிலையோ குளிரையோ தாங்க முடியாத நோயாளியோ கைக்குழந்தையோ உள்ளே இருக்கும் கார். நீண்ட தூரம் வேகமாக ஓடி வந்த டர்போ டீசல் வண்டிக்குச் சூடு ஆற ஓரிரு நிமிடம் கொடுக்கலாம், அதன் கையேடு சொல்வதே முடிவு. அப்புறம் ஒரு விஷயம், நகர்ந்துகொண்டிருக்கும் வரிசையில் யாரையும் அணைக்கச் சொல்லாதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகும். நின்ற வண்டிக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு.

சட்டத்தின் உதவியை நாடலாமா என்று நினைப்பீர்கள். பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. நியூயார்க் நகரத்தில் பொதுவாக 3 நிமிடம், பள்ளிக்குப் பக்கத்தில் 1 நிமிடம்தான் வரம்பு. பொதுமக்களே வீடியோ எடுத்துப் புகார் கொடுத்தால் அபராதத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். கனரக டீசல் வண்டிகளுக்குக் கலிபோர்னியாவில் 5 நிமிடம். பெரிய நகரத்தில், முகம் தெரியாத நிறுவனங்களின் லாரிகளுக்கு எதிராக இது சரி. தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டிய இடத்தில் வீடியோ எடுப்பது வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் பகுதியில் விதி இருந்தால், அதைப் பலகையில் ஒரு வரியாகப் போடுங்கள், போதும்.

சரி, இப்போது வேன்களுக்கு வருவோம்.

மாற்று எரிபொருளுக்கு ஊர் அளவில் குழுக்கள் சேர்வது புதிதல்ல. அமெரிக்க எரிசக்தித் துறை 1993-ல் 'கிளீன் சிட்டீஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, நகராட்சி, போக்குவரத்து நிறுவனம், எரிபொருள் விற்பவர், உள்ளூர் மக்கள் ஆகியோரை ஒரே மேசையில் உட்கார வைத்தது. இத்தகைய முயற்சிகளில் பேருந்து, குப்பை லாரி, பள்ளி வண்டி போன்றவை முதலில் மாறுவது இயல்பு. அவை தினமும் ஒரே பாதையில் ஓடி, இரவு ஒரே கொட்டகைக்குத் திரும்புகின்றன. ஆகவே "எந்த எரிபொருள் சிறந்தது" என்ற விவாதத்தை ஒதுக்கிவிட்டு, உங்கள் வேன் இரவில் எங்கே நிற்கிறது, ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

சிஎன்ஜி பற்றி உங்கள் ஆட்கள் கவனிக்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியில் சிலிண்டர் பொருத்தி சிஎன்ஜிக்கு மாற்றுவது எளிது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தால் எரிவது அது. அதை முழுமையாக சிஎன்ஜிக்கு மாற்றுவது கிட்டத்தட்ட இன்ஜினையே மாற்றுகிற வேலை. பழைய டீசல் வேனுக்கு அது பெரும்பாலும் கட்டுபடியாகாது. சிஎன்ஜி என்றால் புது வண்டி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கரும்புகை மிகக் குறைவு என்பது உண்மை, தரைத்தள வீடுகளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதில் இருப்பது மீத்தேன். எரியாமல் கசிந்தால், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் புவியைச் சூடேற்றும் வாயு. சுமார் 200 பார் அழுத்தத்தில் நிற்கும் சிலிண்டரை, விதிக்கப்பட்ட காலத்தில் சோதிக்கவும் வேண்டும்.

எரிபொருள் நிலையம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். டெல்லியில் 1998-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் சிஎன்ஜிக்கு மாறின. பெரிய சாதனை அது. ஆனால் மாறிய காலத்தில் நிலையங்கள் போதாமல் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. வாசலில் காத்திருப்பைக் குறைத்துவிட்டு எரிபொருள் நிலையத்தில் போய்க் காத்திருந்தால் என்ன பயன்?

எத்தனால் பெட்ரோல் வண்டிக்கானது, உங்கள் வேனுக்கு ஆகாது. ஹைட்ரஜனை இந்த அளவுக் குழு இப்போது யோசிக்க வேண்டியதில்லை. தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து தயாரிக்கும் பயோடீசலை மட்டும் யோசிக்கலாம். புது வண்டி வரும்வரை 20 சதவீதம் பயோடீசல் கலந்த டீசலை இருக்கும் வேனிலேயே போட முடியும், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால். தொட்டியில் பழைய படிவுகளை அது கரைத்துக் கொண்டுவரும், எனவே முதல் சில வாரங்களில் எரிபொருள் வடிகட்டி அடைபடலாம், கையில் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள். வீடுகளில் மிஞ்சும் சமையல் எண்ணெயைச் சேர்த்து வண்டிக்கு ஊற்றலாம் என்று ஆர்வமுள்ள யாராவது கிளம்புவார்கள். நல்ல மனசு, ஆனால் வடிகட்டிய எண்ணெயை அப்படியே ஊற்றக் கூடாது. அது கெட்டியானது, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் படியும். ரசாயன முறையில் மாற்றிய பிறகே அது பயோடீசல். எண்ணெயைச் சேகரித்துத் தயாரிப்பாளரிடம் கொடுக்கும் வேலையை அந்த ஆர்வலர்களிடம் ஒப்படையுங்கள்.

மின்சார வேன்தான் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு வேன் நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடுகிறது, கிலோமீட்டருக்குக் கால் யூனிட் என்று வைத்தால் 15 யூனிட் மின்சாரம். 3 கிலோவாட் இணைப்பிலேயே ஐந்து மணி நேரத்தில் ஏறிவிடும். இரவு முழுக்க நிற்கும் வண்டிக்கு அதிவேக சார்ஜர் தேவையே இல்லை. வாசலில் காத்திருக்கும்போது ஏசி ஓடினாலும் அங்கே புகை வராது. "மின்சாரம் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. நிலக்கரி அதிகமுள்ள மின்கட்டமைப்பில் கார்பன் லாபம் குறையத்தான் செய்யும், அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் புகை இல்லை என்பது எந்த மின்சாரமானாலும் மாறாது. சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றிக்காட்டியது. உங்களுக்குத் தேவை இரண்டுதான்.

இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். குறைந்த தூரம் ஓடும் வேனை முதலில் மாற்றி, ஓர் ஆண்டு ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் இரண்டு வேன்களின் மீட்டர் அளவையும் தினமும் எழுதுங்கள். சராசரியைவிட, மிக அதிகமாக ஓடிய நாளின் அளவுதான் பேட்டரியைத் தீர்மானிக்கும். கையோடு ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து, வேன் இரவில் நிற்கும் இடத்தையும் குடியிருப்பின் மின்பலகையையும் காட்டுங்கள். எவ்வளவு கிலோவாட் கூடுதலாகத் தாங்கும் என்று அவர் எழுதிக் கொடுத்ததும், வாசலில் எடுத்த நோட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பொதுக்குழுவைக் கூட்டுங்கள்.