வீட்டோடு சேர்த்து ஓர் அறை இழுத்துக் கட்ட சாயில் டெஸ்ட் அவசியமா?

வேளச்சேரியில் இருபது வருடப் பழைய வீடு. பின்பக்கம் ஓர் அறையும் குளியலறையும் இழுத்துக் கட்டப் போகிறீர்கள். "பழைய வீடு நிக்கிற அதே மண்ணுதானே சார், அஸ்திவாரம் அஞ்சடி போதும்" என்கிறார் மேஸ்திரி. சாயில் டெஸ்ட் வீண் செலவா என்பது உங்கள் கேள்வி.

வீண் இல்லை, எடுத்துவிடுங்கள். இதே வார்த்தையை நம்பித்தான் 2016 மே மாதம் மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டினோம்.

அஸ்திவாரக் குழி தோண்டும்போது மண் கடப்பாறைக்கே மசியவில்லை. இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே என்று எல்லோருக்கும் திருப்தி. கோடையில் காய்ந்த களிமண் அப்படித்தான் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு மழைக்காலம் போனது. அடுத்த கோடையில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரிசல், மேலே விரல் நுழையும் அகலம், கீழே மயிரிழை. மழைக்காலத்தில் குறுகியது, மே மாதம் மறுபடி விரிந்தது. பருவத்தோடு திறந்து மூடும் விரிசல் என்றால், கீழே இருப்பது ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் என்று சந்தேகப்பட வேண்டும். தவிர, பழைய வீடு இத்தனை வருடத்தில் உட்கார வேண்டிய அளவு உட்கார்ந்துவிட்டது, புது அறை அப்போதுதான் உட்காரவே தொடங்குகிறது. இரண்டையும் கோத்துக் கட்டினால் அந்த இணைப்புதான் முதலில் பிளக்கும்.

2020-ல் பக்கவாட்டில் இன்னோர் அறை தேவைப்பட்டபோது மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வரைபடமே போட்டோம்.

முதலில் செலவே இல்லாத வேலை. எங்கள் உறைக்கிணற்றில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி மாதாமாதம் அளந்தேன். மே கடைசியில் 14 அடியில் இருந்த தண்ணீர், டிசம்பரில் இரண்டரை அடிக்கு ஏறியிருந்தது. நம் பக்கம் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கோடையில் மட்டும் பார்த்துவிட்டு அஸ்திவாரம் முடிவு செய்தால் பாதி விஷயம்தான் தெரியும். தெருவில் வயதானவர்களிடமும் கேளுங்கள். நாங்கள் கட்ட நினைத்த மூலையில் முன்பு ஒரு குட்டை இருந்ததைப் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் சொன்னார்.

அங்கே ஆறடிக்கு ஒரு சோதனைக் குழி வெட்டினோம். நாலடி வரைக்கும் செங்கல் துண்டு, பிளாஸ்டிக் பை, கட்டட இடிபாடு. நிரப்பு மண்ணின் மேல் அஸ்திவாரம் வைக்கவே கூடாது. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களியில் துரு நிறத் திட்டுகள். தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு விட்டுச் செல்லும் தடம் அது. கோடையில் தோண்டினாலும் மழைக்காலத் தண்ணீர் எதுவரை வரும் என்பதை அந்தத் திட்டுகள் காட்டிவிடும்.

அப்புறம் சாயில் டெஸ்ட்காரர்கள் வந்து 20 அடி ஆழத்துக்கு ஒரு துளை போட்டார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை தட்டு ஆகிறது என்று எண்ணுவார்கள். அதுதான் அறிக்கையில் வரும் 'என் வேல்யூ'. களிமண்ணில் அது 4-க்குக் கீழே போனால் இளகிய மண். எங்களுக்கு ஏழடியில் 4, பதினைந்தடியில் 17. துளை போட்டதும் தண்ணீர் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போக விடாதீர்கள். களியில் ஊற்று மெதுவாகத்தான் வரும். ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒன்றை உள்ளே விட்டு, குறைந்தது ஒரு நாள் கழித்து அளக்கச் சொல்லுங்கள்.

மண் ஈரத்தில் உப்பக்கூடியதா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். சலித்த காய்ந்த மண் பத்துப் பத்து கிராமை ஒரு குழாயில் தண்ணீரிலும் இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் ஒரு நாள் ஊற வைப்பார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீரில் அதைவிடப் பாதிக்கு மேல் அதிகமாக உப்பி நின்றால் கவனமாக இருக்க வேண்டிய மண்.

எங்கள் பொறியாளர் அண்டர் ரீம் பைல் போடச் சொன்னார். மண்ணில் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண் அது. தண்டைவிட இரண்டரை மடங்கு அகலமான குமிழ் அடியில் இருக்கும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்காக உருவாக்கிய முறை. அந்த மண்ணில் ஈரம் ஏறி இறங்கும் ஆழம் சுமார் 3.5 மீட்டர் என்பதால் குமிழ் அதற்குக் கீழே உட்கார வேண்டும். புது அறையைப் பழைய சுவரோடு கோக்காமல் இடைவெளி விட்டுக் கட்டினோம்.

பழைய அஸ்திவாரத்தை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்ட மட்டும் யாரையும் விடாதீர்கள். ஓரடி கீழே போக வேண்டுமென்றால் சுமார் இரண்டடியாவது தள்ளிப் போங்கள். குழியில் ஊற்று வந்தால் நாள் முழுக்க மோட்டார் போட்டு இறைப்பதும் ஆபத்து. தண்ணீரோடு பழைய வீட்டுக்கு அடியிலிருக்கும் பொடி மண்ணும் சேர்ந்து வந்துவிடும்.

பல்லாவரத்தில் பாறை, பெசன்ட் நகரில் மணல், உங்கள் பக்கம் சதுப்பை ஒட்டிய களி. எங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். துளையை நீங்கள் கட்டப்போகும் அதே மூலையில் போடச் சொல்லுங்கள்.