எம்.எஸ்.எல். வேலையில் முதல் வருஷம்: கேட்டதும் சொன்னதும்

மருந்து கம்பெனிகளில் மெடிக்கல் சயன்ஸ் லயசனாக (எம்.எஸ்.எல்., அதாவது விற்காமல் மருந்தின் சயன்ஸை மட்டும் டாக்டர்களிடம் பேசுகிறவர்) புதிதாகச் சேர்ந்தவர்களின் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ரெஸ்யூமே திருத்தித் தர மாட்டேன்.

கோவை, ஃபார்ம்.டி.: மேடம், ட்ரெயினிங் முடியப் போகுது. ஃபீல்டுக்குப் போறதுக்கு முன்னாடி என்ன படிக்கணும்?

கம்பெனி கொடுக்கும் ஸ்லைடு டெக்கைக் கடைசியில் படியுங்கள். முதலில் இந்தியாவில் அனுமதி பெற்ற பிரிஸ்க்ரைபிங் இன்ஃபர்மேஷன், அதாவது மருந்தை யாருக்கு, எதற்கு, எப்படிக் கொடுக்கலாம் என்று சொல்லும் லேபிள். அமெரிக்க லேபிளும் நம்முடையதும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. நெட்டில் தேடினால் அமெரிக்காவுடையதுதான் முதலில் வரும், அதையே மனப்பாடம் செய்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அடுத்தது மருந்துக்கு அனுமதி வாங்கித் தந்த ட்ரயல் பேப்பர், அதன் சப்ளிமென்டரி அப்பெண்டிக்ஸோடு. யாரைச் சேர்த்தார்கள், யாரைத் தள்ளினார்கள் என்பது முழுசாக அங்கேதான் இருக்கும். கைடுலைன் அதற்குப் பிறகு.

டாக்டர்கள் பட்டியல் சின்னதாக இருக்கட்டும். முதல் வருஷத்துக்கு நாற்பது பேரே அதிகம். அரசு மருத்துவக் கல்லூரியில் காலை ஓ.பி. நேரத்தில் போய் நிற்காதீர்கள். ஓ.பி. முடிந்த பிறகு டிபார்ட்மென்டில் பார்த்தால் பத்து நிமிஷமாவது உட்கார விடுவார்கள். முதல் சந்திப்பில் லேப்டாப் பைக்குள்ளேயே இருக்கட்டும். "இந்த நோயில் உங்களுக்கு எங்கே முட்டுகிறது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

டாக்டர் கேட்ட கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே அன்றைக்கே எழுதிவிட வேண்டும். இதை இன்னும் நாலு தடவை சொல்வேன்.

மதுரை, பி.எச்டி.: டாபாக்ளிஃப்ளோசின் ஹார்ட் ஃபெயிலியர்ல 26 சதவீதம் ரிஸ்க்கைக் குறைக்குதுன்னு சொன்னேன். கார்டியாலஜிஸ்ட் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். நம்பர் சரிதானே?

நம்பர் சரி, சொன்ன விதம் மருந்து விற்கும் ரெப் சொல்கிற விதம். 2019இல் வந்த டாபா-ஹெச்.எஃப். ட்ரயலை எடுத்துக்கொள்வோம். 4,744 நோயாளிகள், எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் (இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், சுருக்கமாக ஈ.எஃப்.) 40 அல்லது அதற்குக் கீழே. ஹார்ட் ஃபெயிலியர் மோசமாவது அல்லது இதயக் காரணத்தால் இறப்பு, இவை பிளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) பக்கம் 21.2 சதவீதம், மருந்து பக்கம் 16.3. ஹசார்ட் ரேஷியோ, அதாவது பிளாசிபோவோடு ஒப்பிட்ட ரிஸ்க், 0.74. உங்கள் 26 வந்தது அந்த 0.74-இலிருந்து.

டாக்டருக்கு வேண்டியது வித்தியாசம். 21.2-இல் 16.3 போனால் 4.9. நூறை 4.9-ஆல் வகுத்தால் 20.4, மேலே ஏற்றினால் 21. அதாவது 21 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு அந்த நிகழ்வு தவிர்கிறது. இந்த 21-தான் என்.என்.டி. காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மீடியன் ஃபாலோ-அப் 18.2 மாதம். காலம் சொல்லாத என்.என்.டி. எடை சொல்லாத விலை மாதிரி. இரண்டு ட்ரயல்களின் என்.என்.டி.யைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் கூடாது. நோயாளிகளும் வேறு, காலமும் வேறு.

அடுத்த கேள்வி நிச்சயம் இதுதான்: "என் பேஷண்டுக்கு ஈ.எஃப். 45, அவருக்கு?" நேர்மையான பதில், "அவர் அந்த ட்ரயலில் இல்லை, சார்." 40-க்கு மேல் உள்ளவர்களை வைத்து நடந்தது டெலிவர், 2022. அதன் கணக்கு தனி. முதல் ட்ரயலின் நம்பரை இவர் தலையில் கட்டக் கூடாது.

திருச்சி, பி.ஃபார்ம்.: எனக்கு எம்.எஸ்.எல். வேலை கிடைக்குமா?

எம்.டி., எம்.பி.பி.எஸ்., ஃபார்ம்.டி., பி.எச்டி. ஆட்களைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். பி.ஃபார்ம். மட்டும் வைத்துக்கொண்டு நேராக நுழைவது கஷ்டம்.

சென்னை, புதிதாகச் சேர்ந்தவர்: டாக்டர் பேச்சுவாக்குல "உங்க மருந்துல ஒரு அம்மாவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துச்சு"ன்னு சொன்னார். ஃபார்மலா கம்ப்ளெய்ன்ட் பண்ணல. விட்டுடலாமா?

விடக் கூடாது. பக்கவிளைவு ரிப்போர்ட் அனுப்பத் தேவையானது நாலுதான்: அடையாளம் காணக்கூடிய ஒரு நோயாளி ("ஒரு அம்மா, அறுபது வயசு" போதும், பெயர் வேண்டாம்), சொன்னவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நடந்த பாதிப்பு. ஒன்று குறைந்தாலும் கைக்கு வந்ததை அனுப்புங்கள், மீதியைக் கம்பெனியின் ஃபார்மகோவிஜிலன்ஸ் (மருந்துப் பாதுகாப்பு) டீம் கேட்டுக்கொள்ளும். பெரும்பாலான கம்பெனிகளில் கெடு 24 மணி நேரம். நீங்கள் காதில் வாங்கிய நிமிஷத்திலிருந்து ஓடும், ஃபார்ம் நிரப்பிய நேரத்திலிருந்து அல்ல. மருந்தால்தான் வந்ததா என்று தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை. டாக்டர் நேரடியாகச் சொல்ல விரும்பினால் பி.வி.பி.ஐ. (பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் அரசுத் திட்டம்) ஹெல்ப்லைன் 1800-180-3024.

சேலம், எம்.எஸ்சி.: எம்.எஸ்சி. முடிச்சா எம்.எஸ்.எல். ஆகலாமா? சம்பளம் எவ்வளவு?

தகுதிக்கு மேலே திருச்சிக்காரருக்குச் சொன்னதே. சம்பளத்தை ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

கோவை, ஃபார்ம்.டி.: சேல்ஸ் ஏரியா மேனேஜர் தினமும் ரெப்போட சேர்ந்து டாக்டரைப் பாக்க ஜாயின்ட் விசிட் கூப்பிடுறார். போகலாமா?

அறிமுகம் செய்து வைக்க ரெப் வரலாம். சயன்ஸ் பேச்சு தொடங்கும்போது அவர் வெளியே இருக்க வேண்டும்.

சென்னை, சேல்ஸ் மேனேஜர்: பதினஞ்சு வருஷமா அந்த டாக்டரைப் பாக்கறவன் ரெப். அவன் கதவைத் திறக்கலைன்னா உங்க பி.எச்டி.யை வாசல்ல வெச்சுக்கிட்டு நிக்கணும்.

கதவு விஷயம் உண்மை, மறுக்கவில்லை. 1967இல் அமெரிக்காவில் அப்ஜான் கம்பெனி இந்த வேலையைத் தொடங்கியபோது அனுபவமுள்ள சேல்ஸ் ஆட்களிலிருந்துதான் எடுத்தது. ஆனால் டாக்டர் லேபிளில் இல்லாத உபயோகத்தைப் பற்றிக் கேட்டார் என்று வையுங்கள். அவரே கேட்டால், கேட்ட அளவுக்கு மட்டும் நான் டேட்டா சொல்லலாம். ரெப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதே பேச்சு ப்ரமோஷன், அதாவது விற்பனைப் பிரசாரம். மருந்து விற்பனைக்கான அரசின் நடத்தை விதிகளான யூ.சி.பி.எம்.பி. 2024 தெளிவாகச் சொல்கிறது: ப்ரமோஷன் அனுமதியின் வரம்புக்குள்தான் இருக்க வேண்டும்.

சேல்ஸ் மேனேஜர்: டாக்டர்தானே கேட்டார்? அப்போ பிரச்சினை இல்லையே.

டாக்டர் கேட்டாரா, கேட்க வைத்தீர்களா? ஒரே ஏரியாவிலிருந்து, ஒரே வாரத்தில், ஒரே வார்த்தைகளில் ஐந்து டாக்டர்கள் ஒரே கேள்வியைக் கேட்டால் ஆடிட்டருக்குக் கண் தெரியாதா? அதனால்தான் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்கிறேன்.

சேல்ஸ் மேனேஜர்: கடைசில உங்க சம்பளமும் சேல்ஸ்லேர்ந்துதான் வருது.

வருகிறது. அதனால் உங்கள் டார்கெட் ஷீட்டில் என் விசிட்டை எண்ணலாம் என்று ஆகாது. கோவைக்காரரே, ஜாயின்ட் விசிட் கூப்பிட்டதை உங்கள் மெடிக்கல் மேனேஜரிடம் மெயிலில் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம்.

புதுச்சேரி, எம்.டி.: ஒரு ப்ரொஃபசர் சொந்தமா ஸ்டடி பண்ண மருந்தும் பணமும் கேட்கிறார்.

"பார்க்கலாம் சார்" என்றுகூடச் சொல்லாதீர்கள், அது வாக்குறுதியாகவே காதில் விழும். ப்ரபோஸலை அவரே எழுதி கம்பெனியின் பொதுவான வழியில் அனுப்பட்டும். டிசைனை நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது அவருடைய ஸ்டடி அல்ல. எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் சி.டி.ஆர்.ஐ. (இந்திய க்ளினிக்கல் ட்ரயல் பதிவேடு) பதிவும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே வேண்டும்.

வேலூர், ஃபார்ம்.டி.: வெளிநாட்டு கான்ஃபரன்ஸுக்கு டிக்கெட் கேட்கிறார் ஒரு டாக்டர்.

முடியாது. அதே யூ.சி.பி.எம்.பி. விதிதான். குடும்பத்துக்கும் முடியாது.

சேலம், எம்.எஸ்சி.: சம்பளம் தோராயமாவாவது…

அடுத்தவர்.

நெல்லை, பி.எச்டி.: டாக்டர் பேப்பரோட பி.டி.எஃப்.பை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்றார். அனுப்பலேன்னா கோவிச்சுக்குவார்.

வாட்ஸ்அப் வேண்டாம். காப்பிரைட் ஒரு பக்கம். அது ரெப் குரூப்புக்குப் போய், அங்கிருந்து பத்து டாக்டர்களுக்குப் போனால் உங்கள் பெயரில் நடந்த ப்ரமோஷன் என்பது இன்னொரு பக்கம். ஒரு துண்டுச் சீட்டில் பப்மெட் நம்பரை (மருத்துவப் பேப்பர்களைத் தேடும் தளத்தில் அந்தப் பேப்பரின் எண்) எழுதிக் கொடுங்கள். காலேஜ் லைப்ரரியில் கிடைக்கவில்லை என்றால் மெடிக்கல் இன்ஃபர்மேஷன் டீமுக்கு ரிக்வெஸ்ட் போடுங்கள், உரிமம் வாங்கிய பிரதி அவருடைய மெயிலுக்கே போகும். ரிக்வெஸ்டில் கேள்வியை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.